காக்கா விரட்டிய மூன்று மணி நேரம்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய கடிதம், நாலு பக்கம். மகனுக்கு ஒன்பது வயது. போன தீபாவளிக்குப் பிறகு அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு, மிகைத் துறுதுறுப்பு) என்று டாக்டர் உறுதி செய்திருக்கிறார். மூன்றே முக்கால் பக்கம் புகார்தான்: நோட்டில் பாதி எழுதி விட்டுவிடுவது, வாரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைப்பது, சாப்பாட்டுத் தட்டோடு வீட்டைச் சுற்றி வருவது, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது. "லீவை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எந்த சம்மர் கேம்ப்பில் சேர்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துக்கு மேலே போகிற போக்கில் ஒரு வரி: "போன வருஷம் வடாம் பிழிந்த அன்று மட்டும் மூன்று மணி நேரம் மொட்டை மாடியை விட்டு இறங்காமல் காக்கா விரட்டினான். அதிசயம்!"

அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் டாக்டரும் டீச்சரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

அந்த மாடியில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நிற்கலாம், ஓடலாம், கத்தலாம். "உட்கார்" என்று சொல்ல ஆள் இல்லை. காக்கா வந்தால் உடனே தெரியும், விரட்டினால் உடனே பறக்கும். செய்ததன் பலன் அரையாண்டுப் பரீட்சைவரை தள்ளிப்போகவில்லை. பக்கத்தில் நீங்களோ பாட்டியோ அச்சைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். துணை இருந்தது, ஆனால் அவனை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வேலை நிஜமான வேலை. அவன் அசந்தால் வடாம் போய்விடும். வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே எது அசைந்தாலும் அங்கே ஓடிவிடும் அதே கண்ணுக்கு அன்றைக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

பலத்தை வைத்துக் கற்பது என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுந்துவிடுகிறது. ஏ.டி.எச்.டி. ஒரு வரம், இந்தப் பிள்ளைகளெல்லாம் மறைந்திருக்கும் மேதைகள் என்பது ஒன்று. நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் இது கண்டறியப்பட்டது உண்மைதான். அதைக் கேட்டு ஒரு நாள் தெம்பாக இருக்கும். மறுநாள் காலை தண்ணீர் பாட்டில் காணாமல் போயிருக்கும். இன்னொரு பள்ளம், "இவனுக்கு எதுதான் வரும்?" என்று கீபோர்டு, செஸ், சிலம்பம், ஓவியம் என ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. புதுசு என்பதால் முதல் வாரம் பறப்பான், மூன்றாம் வாரம் வயிற்றுவலி என்பான். கட்டிய பணத்தைச் சொல்லிக்காட்டி வீட்டில் சண்டை நடக்கும்.

நான் பலம் என்று சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். எந்தச் சூழ்நிலையில் ஒரு பிள்ளையின் கவனம் யாரும் பிடித்து நிறுத்தாமல் தானாக நிற்கிறதோ, அந்தச் சூழ்நிலையின் கூறுகள்தான் அவன் பலம். உங்கள் மகனின் பலம் காக்கா விரட்டுவது என்று எழுதிவைத்துவிடாதீர்கள். உடல் அசைவு, உடனடிப் பலன், பக்கத்தில் ஒரு ஆள், நிஜமான தேவை: இந்த நான்கும் சேர்ந்தால் அவன் நிற்கிறான். இந்த நான்கையும் வேறு எந்த வேலையிலும் கொண்டுவந்து வைக்கலாம்.

இதற்குள் இருக்கும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மாமியாரிடம் எடுத்துச் சொல்ல உதவும். இந்தப் பிள்ளைகளிடம் கவனம் என்ற சரக்கு குறைவாக இருக்கிறது என்பதில்லை. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்பும் கடிவாளம் தளர்வாக இருக்கிறது. 2007-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளையைப் பல வருடம் படமெடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்புறணி தடிமனில் உச்சத்தை எட்டும் வயது, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவாக ஏழரை என்றால் இவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வழி ஒன்றுதான், வண்டிதான் மூன்று வருடம் பிந்தி வருகிறது. பொறுமை, வரிசையில் நிற்பது, பையை அடுக்குவது போன்ற விஷயங்களில் உங்கள் ஒன்பது வயதுக்காரனிடம் ஆறு வயதுப் பிள்ளையின் அளவை எதிர்பாருங்கள். புத்தியில் அவன் ஒன்பதுக்கு மேலேயே இருக்கலாம். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் "தெரிஞ்சுக்கிட்டே பண்றான்" என்று நமக்குக் கோபம் வருகிறது.

இனி கேம்ப் விஷயம். ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்த கோடைத் திட்டங்களில் பழையதும் பேர்பெற்றதும் வில்லியம் பெல்ஹம் என்ற உளவியலாளர் 1980-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. வார நாட்களில் நாள் முழுக்க, ஏழெட்டு வாரம் நடக்கும். 1999-ல் முடிவுகள் வெளியான, 579 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்விலும் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எட்டு வாரக் கோடைத் திட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கோடைத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: வகுப்பறைப் பாடத்தைவிட விளையாட்டுக்கு அதிக நேரம். பந்து விளையாடவும் அதன் விதிகளைப் பின்பற்றவும் பயிற்சி கொடுப்பார்கள். ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் மார்க்குக்கும் முன்னால் இழப்பது நண்பர்களைத்தான். விளையாட்டில் யார் முறை என்று தெரியாமல் நடுவில் புகுந்துவிடுவான், அவுட் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டான். நாலு நாளில் தெருப்பிள்ளைகள் "இவன் வேணாம்டா" என்றுவிடுவார்கள்.

நம் தெருவில் அதை எப்படிச் செய்வது? பத்துப் பேர் கூடும் கிரிக்கெட்டுக்கு அவனை அனுப்பிவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஏழு கல் விளையாட்டு நல்ல தொடக்கம்; ஓட்டம் உண்டு, ஆட்டம் சீக்கிரம் முடியும், தோற்றாலும் அடுத்த நிமிடம் மறுபடி கல் அடுக்கலாம். ஆட்டத்துக்கு முன்னால் விதியை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். தோற்றால் என்ன செய்வாய் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கோபம் வந்தபின் கேட்டால் காதில் ஏறாது. நாற்பது நிமிடத்தில், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மோர் கொடுத்து ஆட்டத்தை முடித்துவிடுங்கள். சண்டையில் முடிகிற மூன்று மணி நேரத்தைவிட இது மேல்.

அந்த அமெரிக்கக் கோடைத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க இன்னொன்று, தினசரி அறிக்கை அட்டை. இரண்டே இலக்கு, அன்றைக்கே முடிவு, அன்றைக்கே பரிசு. "சமர்த்தாக இருப்பது" இலக்கு ஆகாது. "சாப்பிட்ட தட்டைக் கழுவுமிடத்தில் வைப்பது" ஆகும். மதிப்பெண்ணைப் பறிக்கிற முறையும் அங்கே உண்டு. வீட்டில் அது வேண்டாம் என்பது என் கட்சி. காலையிலேயே பூஜ்யத்துக்குப் போய்விட்ட பிள்ளைக்குச் சாயங்காலம்வரை நல்லவனாக இருக்கக் காரணம் ஏது?

சரி, எங்கே தொடங்குவது? பள்ளி விட்டதும் முதல் பத்து நாள் எந்த வகுப்பிலும் சேர்க்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அவன் எதிலாவது பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் குறியுங்கள்: என்ன வேலை, எந்த நேரம், பக்கத்தில் யார், எதனால் விட்டான். கடைசிக் கேள்விதான் முக்கியம். சலித்து விட்டானா, பசியா, யாராவது திருத்தினார்களா? நான் பார்த்த நோட்டுகளில் அடிக்கடி வரும் பதில், "நான் 'இப்படிச் செய்யக் கூடாது' என்றேன், எழுந்து போய்விட்டான்." எழுதிய அம்மாக்களே அதைப் படித்து வெட்கத்தோடு சிரித்திருக்கிறார்கள்.

போனில் கேம் விளையாடுவதையும் குறிக்க வேண்டுமா என்பீர்கள். குறியுங்கள், ஆனால் தனிப் பக்கத்தில். அது எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி வைக்கவே செய்யப்பட்ட பொருள். உங்கள் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லாது.

பத்து நாள் முடிந்ததும் அந்தக் கோடைக்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் யாராவது அதைச் சாப்பிட வேண்டும், உடுத்த வேண்டும், ஓட்ட வேண்டும், அல்லது வந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வடாமே நல்லது. இந்த முறை காவலோடு கணக்கையும் அவனிடம் விடுங்கள். ஜவ்வரிசி எத்தனை கிலோ, என்ன விலை, ஒரு வரிசைக்கு எத்தனை வடாம், எத்தனை வரிசை. பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவனுக்கு மாடியில் எண்ணிப் பார்க்கிற பெருக்கல் வேறு மாதிரி. பிழிந்த அன்று பத்து வடாமை எடை போட்டு, காய்ந்தபின் அதே பத்தை மறுபடி போட்டால், மீதி எடை எங்கே போனது என்று அவனே கேட்பான். டப்பாவுக்கு ஒட்டும் சீட்டு எழுதுவது தமிழ். அத்தைக்கு அனுப்பும் டப்பாவோடு நாலு வரிக் கடிதம், அதுவும் தமிழ்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வடாமுக்குள் பாடத்தை ஒளித்து ஊட்டுகிறீர்கள் என்ற வாசனை வந்தால் மாடிப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு அல்லது ஒரு சீட்டு, அதுவும் அந்த வேலைக்கு நிஜமாகவே தேவைப்பட்டால் மட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். துறுதுறுப்பு இல்லாமல், கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் ஏ.டி.எச்.டி. உண்டு. பெண் குழந்தைகளிடம் அது அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது, ஏனென்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. "சோம்பேறி", "மறதிக்காரி" என்ற பட்டத்தோடு பத்தாம் வகுப்புவரை வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நோட்டில் வேறு கேள்வி: எந்தக் கதையை, எந்தப் பொருளைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பிக்கிறாள்?

நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் மூன்றாம் நாள் அது சுவரின் பகுதியாகிவிடும், யார் கண்ணிலும் படாது. நாளுக்கு மூன்று ஆணி அடித்தால் போதும். காலை பத்து மணிக்குள் உடம்புக்கு வேலை: சைக்கிள், நீச்சல், குறைந்தபட்சம் மரங்கள் இருக்கும் பாதையில் ஒரு நடை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009-ல் 17 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பூங்காவில் இருபது நிமிடம் நடந்தபின் கவனம் கூடியது. நகரத் தெருவில் நடந்தபோது அந்த அளவுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத மருந்து. மதியம் கத்திரி வெயில் காயும்போது வீட்டுக்குள் கைவேலை, அதற்கு முன் பதினைந்து நிமிடம் படிப்பு. தாத்தா பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்னொருவர் அமைதியாகத் தன் வேலையைச் செய்வதே இவர்களை இருக்கையில் பிடித்து வைக்கும். மூன்றாவது ஆணி, சாயங்காலம் ஐந்துக்கு மேல் வெளியே.

இந்தப் பிள்ளைகளுக்குப் "பத்து நிமிடம்" என்பது காதில் விழும் சொல், உணர்கிற அளவு இல்லை. நேரத்தைக் கண்ணுக்கோ காதுக்கோ கொண்டுவர வேண்டும். அதற்கு உங்கள் அடுப்பங்கரையில் குக்கர் இருக்கிறது. "மூணு விசில் வர்ற வரைக்கும் எழுது" என்றால் புரியும். போனுக்கும் இப்படித்தான்: "ஐந்து நிமிடத்தில் வை" என்பதைவிட "இந்த ஆட்டம் முடிந்ததும்" என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் பிடுங்கினால் உங்களுக்குக் கிடைப்பது போன் மட்டும்தான்.

ஒரு வெளி வகுப்பு கட்டாயம் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, அவன் இரண்டு நாள் போய்ப் பார்த்துத் தேர்ந்ததாக இருக்கட்டும். பயிற்சியாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு பிள்ளை தன் முறைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? நடுவில் எழுந்து நடந்தால் என்ன செய்வீர்கள்? மாத நடுவில் நின்றால் பணம் திரும்புமா? முதல் கேள்விக்கு வருகிற பதிலே பாதி முடிவைச் சொல்லிவிடும். முப்பது பேருக்கு ஒரு பந்து என்றால் அது காத்திருப்பு வகுப்பு. கையெழுத்துப் பயிற்சியில் விடுமுறையைச் செலவழிக்க வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வருடம் முழுக்கத் தோற்ற இடத்துக்கே லீவிலும் அனுப்புவதற்கு அவன் என்ன தப்பு செய்தான்?

இப்போது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம். "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மாமியார் சரியாகத்தான் சொல்கிறார். ஏ.டி.எச்.டி. வலுவாகப் பரம்பரையில் வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எழுபது முதல் எண்பது சதவீதம்வரை மரபணுக் காரணம் என்கின்றன. நாற்பது வயதுக்காரருக்கு ஓட்டம் குறைந்திருக்கும். மறந்த கரண்ட் பில், பாதியில் நிற்கும் பரண் வேலை, பேச்சின் நடுவே எங்கோ போய்விடும் முகம் ஆகியவை மீதி இருக்கும். பெரியவர்களுக்கு நோய்க்குறி ஐந்து இருந்தாலே போதும், ஆனால் அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது இப்போதைய வரையறை. அந்தச் சாட்சி மாமியாரிடம் இருக்கிறது. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமும் இதுபோலவே தோற்றம் காட்டும் என்பதால் வீட்டிலேயே முத்திரை குத்தாமல், அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு உங்கள் கணவர் ஒரு முறை போய்வரட்டும்.

உங்கள் கோடைத் திட்டத்தில் அவரை மேற்பார்வையாளராகப் போடாதீர்கள். தன்னால் முடியாததை மகனிடம் கண்டிப்பாகக் கேட்கும் வேலை அது. இரண்டு பேருக்கும் வலிக்கும். அவரும் மாணவராகச் சேரட்டும். பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டுவது, இரண்டு பேருக்கும் புதிதான சிலம்பம், எதுவானாலும் சரி. அப்பா தடுமாறி மறுபடி செய்வதை மகன் பார்ப்பது எந்த அறிவுரையையும்விட அவனுக்குப் பயன்படும். அவருக்கு இரண்டு விதி மட்டும் சொல்லிவையுங்கள். முதல் இரண்டு வாரம் எந்தப் பொருளும் புதிதாக வாங்கக் கூடாது; ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலர் உற்சாகத்தைக் கடையில் போய்த்தான் கொண்டாடுவார்கள், பரண்மேல் இருக்கும் பழைய உற்சாகங்களே அதற்கு அத்தாட்சி. அடுத்தது, திட்டம் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அறுந்துபோகும் என்று இப்போதே எதிர்பார்த்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமையை மறுதொடக்க நாளாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டதைப் பற்றிய விசாரணை இல்லாமல், விட்ட இடத்திலிருந்து பிடித்தால் போதும்.

மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், லீவுதானே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கோடையில் இடைவெளி கொடுக்க டாக்டரே சொல்வார், சிலருக்குக் கூடாது என்பார். மீதைல்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். அதனால் மருந்துக்கு முன் காலைச் சாப்பாடு, இரவில் பசி திரும்பும்போது இன்னொரு சாப்பாடு, நடுவில் ஞாபகப்படுத்தித் தண்ணீர். இன்னும் மருத்துவரிடம் காட்டாத பெற்றோர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்த மையங்கள் இயங்கும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த நாற்பது பக்க நோட்டை ஒரே பக்கமாகச் சுருக்கிப் புது டீச்சரிடம் கொடுங்கள். "இவனுக்கு இது வராது" என்ற பட்டியல் பழைய டீச்சர் வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் கொடுக்கும் தாளில், எப்போது நிற்கிறான் என்பது மட்டும் இருக்கட்டும்: கரும்பலகை அழிக்கும் வேலை கொடுத்தால் அடுத்த பத்து நிமிடம் உட்காருவான், இரண்டு கணக்கு முடிந்ததும் ஒரு டிக் போட்டால் மூன்றாவதைத் தானே போடுவான் என்கிற மாதிரி. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் டீச்சருக்குச் செய்யக் கூடியதைச் சொன்னால் செய்வார்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். காக்காவை எப்படி விரட்டினான் என்று நீங்கள் எழுதவில்லை. கறுப்புக் குடையை விரித்து வைத்தானா, குச்சியா, தகர டப்பாவா? அடுத்த கடிதத்தில் அதை அவனையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அனுப்புங்கள்.